வேற்றுக்கிரகத்தில் உயிர் இருந்தால் கிறிஸ்தவ விசுவாசம் என்ன ஆகும்?

ஓய்வுநாள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். "அண்ணா, ஏலியன் இருந்தா இயேசு அவங்களுக்காகவும் மரிச்சாரா?" கேட்கிற பையன் பாதி விளையாட்டாகத்தான் கேட்பான். பின்வரிசை சிரிக்கும். "அதெல்லாம் பைபிள்ல இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணன் மனப்பாட வசனத்துக்குப் போய்விடுவார். வேலூரில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபைக்குள் நுழைந்து கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கும்.

பையன் விளையாட்டாகக் கேட்டாலும் அது லேசான கேள்வி இல்லை. ஐரோப்பிய இறையியலாளர்கள் அறுநூறு ஆண்டுகளாக இதை எழுதி வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் எப்படிப் போனது, எந்த இடத்தில் உண்மையிலேயே சிக்கல் இருக்கிறது, எந்த இடத்தில் சிக்கலே இல்லை என்று, இதைப் பற்றி முதன்முதலாக யோசிப்பவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். என் கட்சியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய கேள்வி விண்வெளி யுகம் கொண்டுவந்த புதுக் கேள்வியே இல்லை. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைப் பற்றி ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான் அது.

இதுவரை தெரிந்தது

பூமிக்கு வெளியே இதுவரை ஓர் உயிரும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு பாக்டீரியாகூட இல்லை. யூடியூபில் எவ்வளவு பெரிய எழுத்தில் தலைப்பு போட்டிருந்தாலும் நிலைமை இதுதான்.

மாறியிருப்பது, உயிர் வாழக்கூடிய இடங்களைப் பற்றிய நம் அறிவு. 1995ல் மிஷேல் மேயர், டிடியே கெலோ என்ற இரண்டு சுவிஸ் வானியலாளர்கள், சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் கோளை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2019ல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2025ல் 6,000ஐத் தாண்டிவிட்டது. நம் பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கோள்கள் இருக்கும் என்பது இன்றைய கணிப்பு.

நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நீண்ட காலம் நாட்டிலேயே பெரியதாக இருந்தது. அதற்கு முன்பே, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி இரண்டு நல்ல வேலைகளைச் செய்திருந்தது. 1972ல் வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, கனிமீடுக்கு மிக மெல்லிய காற்றுமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அடையாளம் காவலூரிலிருந்து கிடைத்தது. 1977ல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. கனிமீடின் பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கி வலுவான சான்று தந்திருக்கிறது என்று 2015ல் அறிவித்தார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் உயிரைத் தேடுவது நியாயம்தானே. ஐரோப்பிய விண்வெளி முகமை 2023 ஏப்ரலில் அனுப்பிய 'ஜூஸ்' விண்கலம் இப்போது அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. 2031ல் வியாழனை எட்டும்.

ஒரு விஷயத்தை இங்கேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கனிமீடிலோ செவ்வாயிலோ விஞ்ஞானிகள் எதிர்பார்ப்பது அதிகபட்சம் நுண்ணுயிர்களை. பேசும், சிந்திக்கும், பாவம் செய்யக்கூடிய யாரையும் சூரியக் குடும்பத்துக்குள் யாரும் தேடவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்தால் வேறு நட்சத்திரங்களின் பக்கம்தான் இருக்க வேண்டும். அடுத்த நட்சத்திரமோ 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் திசையில் போவதாக வைத்துக்கொண்டால்கூட, போய்ச் சேர 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அவர்களை நேரில் பார்ப்போமா என்பதைப் பற்றி இந்தக் கட்டுரையில் கவலைப்படப் போவதில்லை. அவர்கள் இருந்தால் நம் விசுவாசத்தின் கணக்கு எப்படி மாறும் என்பது மட்டுமே கேள்வி.

வேதாகமம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறார்கள் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சூரியனையும் சந்திரனையும் விவரித்துவிட்டு, "நட்சத்திரங்களையும் உண்டாக்கினார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. அந்த நூலுக்குச் சொல்ல வேண்டிய கதை பூமியில் இருந்தது. மற்றதை அது விட்டுவிட்டது. பென்குவின் பறவையைப் பற்றியும் வேதத்தில் ஒன்றும் இல்லை. அதற்காக அண்டார்டிகா போய்வந்த கிறிஸ்தவர் யாரும் விசுவாசத்தை விட்டுவிடவில்லை.

ஆனால் அதே அதிகாரத்தில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஜீவஜந்துக்களைப் பற்றிச் சொல்லும்போது, பூமியானது அவற்றைப் பிறப்பிக்கக்கடவது என்று தேவன் மண்ணுக்குக் கட்டளையிடுகிறார். உயிரைப் பிறப்பிக்கும்படி இந்த மண்ணிடம் சொல்ல முடிந்தவர் வேறொரு மண்ணிடம் சொல்லக் கூடாது என்று தடுக்கும் வரி எங்கேயும் இல்லை. யோபு புத்தகத்தின் கடைசிப் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனிதனே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப்பண்ணுவது யார் என்று தேவன் அங்கே கேட்கிறார். மனிதனுக்குப் பயன்படாத இடத்திலும் அவருக்கு வேலை உண்டு, அக்கறை உண்டு என்பதே அந்த அதிகாரங்களின் சாரம்.

சிலர் யோவான் 10:16ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு" என்று இயேசு சொன்னது வேற்றுக்கிரகவாசிகளைத்தான் என்பார்கள். இது வசனத்தை இழுத்துப் பிடிப்பது. அங்கே பேசப்படுவது யூதரல்லாத புறஜாதியார். அதாவது அந்த 'வேறே ஆடுகள்' நாம்தான், வேலூர்க்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும். இதைப் பிறகு திரும்ப எடுக்கிறேன்.

மனிதரல்லாத அறிவுள்ள படைப்புகள் என்பது கிறிஸ்தவர்களுக்கு அந்நியமான எண்ணமும் இல்லை. தேவதூதர்கள் மனிதர்கள் அல்லர். அவர்களுக்கு அறிவு உண்டு, சித்தம் உண்டு, பாவத்தில் விழுந்துபோனவர்களும் அவர்களில் உண்டு. அப்படியிருக்க, பிரபஞ்சத்தில் தேவனோடு பேசத் தெரிந்தவன் மனிதன் ஒருவன்தான் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெள்ளைச் சேலையைச் சுற்றிச் சிறகு கட்டிவிடும்போது நாம் இதை யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

தமிழ் வாசகருக்குப் பல உலகம் என்பதே புதிது கிடையாது. நம் சைவ நண்பர்கள் மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியை எடுத்துக் காட்டுவார்கள். அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று அங்கே வருகிறது. மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ இருக்கும் முஸ்லிம் நண்பர், வானங்களிலும் பூமியிலும் இறைவன் உயிரினங்களைப் பரவச் செய்ததாகச் சொல்லும் குர்ஆன் 42:29ஐ நினைவூட்டுவார். இந்தக் கேள்வியில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் கூடுதல் நெருக்கடி? அதற்குக் காரணம் உண்டு.

சிக்கல் எங்கே இருக்கிறது

நுண்ணுயிர் கிடைத்தால் சிக்கலே இல்லை. அதைப் படைத்தவரும் அவரே என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மீன், புழு, பாசி எது கிடைத்தாலும் அப்படித்தான். அறிவும் சுதந்திரமும் உள்ள யாரோ இருந்தால்தான் கதை மாறுகிறது. அப்போதும் படைப்பு என்ற கோட்பாட்டுக்கு ஆபத்து இல்லை. மனிதன் தேவனுடைய சாயலாகப் படைக்கப்பட்டான் என்கிற தேவசாயல் கோட்பாட்டுக்கும் இல்லை. சாயல் என்பதை இரண்டு கை, இரண்டு கால் என்று திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள் பொருள்கொண்டதில்லை. அறிவு, அன்பு, பொறுப்பு, தேவனோடு உறவாடும் திறன் என்றே விளக்கியிருக்கிறார்கள். அது எட்டுக் கால் உள்ள ஒருவருக்கும் இருக்கலாம்.

நெருக்கடி வருவது ஒரே இடத்தில். தேவகுமாரன் மனிதனானார், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட தாயின் வயிற்றில், அகுஸ்து இராயன் காலத்தில் பிறந்தார், ஒரே தடவை மரித்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையம். மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை என்று ரோமர் 6:9 அடித்துச் சொல்கிறது. அப்படியானால் இன்னொரு கிரகத்தில் விழுந்துபோன ஓர் இனம் இருந்தால் அவர்களுக்கு வழி என்ன? இங்கே நடந்தது அங்கேயும் செல்லுமா? இல்லை, அங்கேயும் போய் அவர்களில் ஒருவராகப் பிறந்து மறுபடியும் மரிக்க வேண்டுமா?

கிறிஸ்தவத்தை விமர்சித்த எழுத்தாளர் தாமஸ் பெயின் 1794ல் இதைத்தான் கேலியாகக் கேட்டார். உலகங்கள் எண்ணற்றவை என்றால், தேவகுமாரன் ஒவ்வொரு உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வேலை அவருக்கு இருக்காதே என்றார். கிண்டல் கூர்மையானது. லூதரின் தோழரான மெலாங்தன் பதினாறாம் நூற்றாண்டிலேயே இதே தர்க்கத்தை எதிர்ப்பக்கமிருந்து பயன்படுத்தியிருந்தார். கிறிஸ்து ஒருமுறை மட்டுமே மரித்தார், ஆகவே வேறு உலகங்கள் இருக்க முடியாது என்றார். இருவரும் ஒரே முடிச்சைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் விசுவாசத்தை விட்டார், மற்றவர் உலகங்களை விட்டார். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று தேடியவர்கள்தான் எனக்குச் சுவாரசியமானவர்கள்.

பழைய வாதங்கள்

உலகம் ஒன்றுதான் என்பது முதலில் கிறிஸ்தவத்தின் போதனை இல்லை, அரிஸ்டாட்டிலின் போதனை. மண் எப்போதும் மையத்தை நோக்கி விழும், இரண்டு உலகம் இருந்தால் மண் எந்த மையத்துக்குப் போகும் என்பது அவர் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் உட்படப் பலர் அதை ஏற்றார்கள். அக்வினாஸ் இறந்து மூன்றாண்டுக்குப் பிறகு, 1277ல், பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே பல்கலைக்கழகத்தில் பேசப்பட்ட 219 கருத்துகளைக் கண்டனம் செய்தார். அவற்றுள் ஒன்று, தேவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்பது. கவனியுங்கள், பல உலகம் உண்டு என்று சொன்னதற்காகக் கண்டனம் இல்லை. தேவனால் முடியாது என்று சொன்னதற்காக. சர்வவல்லவருக்கு அரிஸ்டாட்டில் எல்லை போடக் கூடாது என்பது ஆயரின் கோபம்.

கதவு அப்படித் திறந்தது. 1440ல் குசாவைச் சேர்ந்த நிக்கோலாஸ், மற்ற விண்பொருள்களிலும் குடிமக்கள் இருக்கலாம் என்று எழுதினார். அவரை யாரும் பிடித்து உள்ளே போடவில்லை. எட்டு வருஷத்தில் கர்தினால் ஆக்கினார்கள்.

அதே நூற்றாண்டில் வோரிலோங் வில்லியம் என்ற பிரெஞ்சு ஃபிரான்சிஸ்கன் துறவி, நம் ஓய்வுநாள் பள்ளிப் பையனின் கேள்வியை அப்படியே கேட்டார். இந்தப் பூமியில் மரித்ததால் கிறிஸ்து வேறோர் உலகத்தின் குடிகளையும் மீட்டிருக்க முடியுமா? முடியும் என்றார், உலகங்கள் எண்ணற்றவையாக இருந்தாலும் முடியும் என்றார். அவர் வேறோர் உலகத்துக்குப் போய் மறுபடியும் மரிப்பது பொருந்தாது என்றும் சேர்த்துக்கொண்டார். அக்வினாஸின் எழுத்தில் எதிர்த்திசைக்கும் ஓர் இடைவெளி உண்டு. தேவகுமாரன் ஒரு மனித இயல்பை ஏற்றபின் இன்னொன்றையும் ஏற்க முடியுமா என்று கேட்டு, அவருடைய வல்லமை ஒன்றோடு தீர்ந்துவிடுவதில்லை, முடியும் என்கிறார். அவர் வேற்றுக்கிரகத்தை நினைத்து அதை எழுதவில்லை. ஆனால் பல இடங்களில் அவதரிக்கலாம் என்று சொல்லும் இன்றைய இறையியலாளர்கள் அங்கேதான் ஊன்றி நிற்கிறார்கள்.

இத்தாலியத் தத்துவஞானி ஜியோர்டானோ புருனோவைப் பற்றிக் கேட்பீர்கள். 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் அவரை உயிரோடு எரித்தார்கள். எண்ணற்ற உலகங்கள் என்ற அவர் கருத்தும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. திரித்துவத்தையும் கிறிஸ்துவின் தெய்வீகத்தையும் மறுத்தார் என்பவையும் கூடவே இருந்தன. ஏலியனை நம்பியதற்காக எரித்தார்கள் என்று சுருக்குவது சரியில்லை. அதற்காகத் திருச்சபைக்கு வக்காலத்து வாங்கவும் நான் தயாராக இல்லை. எந்தக் குற்றச்சாட்டுக்காக என்றாலும் எரித்தது எரித்ததுதான்.

பெயினுக்கு நல்ல பதில் 1817ல் கிளாஸ்கோவில் வந்தது. தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர் வானியலை வைத்தே தொடர் சொற்பொழிவு செய்து, அதை அந்த ஆண்டு நூலாக வெளியிட்டார். பிரபஞ்சம் பெரிது, ஆகவே மனிதன் அற்பம் என்கிறீர்கள், அது தொலைநோக்கி சொன்ன பாதிக் கதை, மீதிப் பாதியை நுண்ணோக்கி சொல்கிறது என்றார். ஒரு துளி நீருக்குள்ளும் இத்தனை நேர்த்தியைப் படைத்தவருக்கு எதுவும் கவனிக்க முடியாத அளவு சிறியது இல்லை என்பது அவர் வாதம். வேலூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காவலூர்த் தொலைநோக்கியைப் பார்த்தவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான். சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வகத்தில் தங்கள் ரத்தத் துளி நுண்ணோக்கிக்கு அடியில் போகாத குடும்பம் அரிது.

எதிர்க்கட்சியில் இருந்தவர் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெல். 1853ல் பெயர் போடாமல் ஒரு நூல் எழுதி, மற்ற உலகங்கள் வெறுமையாகத்தான் இருக்கும் என்று வாதாடினார். அத்தனை உலகம் காலியாகக் கிடந்தால் வீண் இல்லையா என்பவர்களுக்கு அவர் பாறைகளைக் காட்டினார். இந்தப் பூமியே தன் வரலாற்றின் பெரும்பகுதியில் மனிதன் இல்லாமல்தானே கிடந்தது, காலத்தில் வெறுமை வீண் இல்லையென்றால் இடத்தில் மட்டும் ஏன் வீண்? நல்ல வாதம். அவர் முடிவை ஏற்காவிட்டாலும், காலியான கிரகங்களைக் கண்டு கலங்குகிறவர்களுக்கு இன்றும் இது உதவும். அந்த 1853ல்தான் மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் நம் பக்கத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள்.

கொள்ளுப்பாட்டி கேள்வி

அந்த மிஷனையும் அதற்கு முன்பின் வந்த மற்ற ஊழியங்களையும் நினைத்தால், என் கட்சி ஏன் அப்படி என்று புரியும். இயேசு மரித்து 1,800 ஆண்டுகள் கழித்துத்தான் வட ஆற்காட்டுக் கிராமங்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தியே வந்தது. இயேசுவின் சீடர் தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்பது நம் மரபு. வந்திருக்கட்டும். வாலாஜாவுக்கும் ஆரணிக்கும் நடுவில் ஏரிக்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு அவர் குரல் எட்டவில்லை. என் ஆயா (பாட்டி) ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. "எங்க பாட்டிக்குப் பாட்டி இயேசு பேரே கேட்டதில்லையே, அவ எங்க இருப்பா?" என்று அவர் கேட்டதை நான் மறக்கவில்லை. கேட்டது பாதிரியாரை இல்லை, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்து முடித்த எங்களை.

தூரத்தில் பிறந்த ஒருத்தி. அவளுக்கு நாசரேத்தும் தெரியாது, எருசலேமும் தெரியாது. யாரும் போய்ச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு தடவை நடந்த காரியம் அவளுக்குச் செல்லுமா? இதில் மைலுக்குப் பதில் ஒளியாண்டு என்று போட்டால் வேற்றுக்கிரகக் கேள்வி வந்துவிடும்.

திருச்சபை இந்தக் குழியில் முன்பும் விழுந்திருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் மனிதர் வாழ்கிறார்கள் என்பதைப் பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டின் நம்ப மறுத்தார். நடுவில் மாகடல், ஆதாமின் சந்ததி அதை எப்படித் தாண்டியிருக்கும் என்பது அவர் தடை. 1492க்குப் பிறகு அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் இருப்பது தெரிந்தது. இவர்கள் முழு மனிதர்கள்தானா என்று ஐரோப்பாவில் பேசிய ஆட்களும் இருந்தார்கள். 1537ல் போப் மூன்றாம் பவுல், அவர்கள் உண்மையான மனிதர்கள், அவர்களை அடிமைப்படுத்தக் கூடாது என்று ஆணை எழுத வேண்டி வந்தது. அதையும் நம் சபைகளில் சாதிவாரியாகத் தனி இடம் ஒதுக்கி உட்கார்ந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், வேற்றுக்கிரகவாசி வந்தால் அவரை எப்படி நடத்துவோம் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அது வேறு கட்டுரை.

கேட்காமலே இறந்தவர்களைப் பற்றிச் சபைகளின் பதில்கள் ஒன்றுபோல இல்லை. அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்ற ரோமர் 10:14ஐ முன்வைத்து, கேட்டு விசுவாசிப்பதே ஒரே வழி என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல், தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து நேர்மையான மனதோடு தேவனைத் தேடி, மனசாட்சி காட்டும் வழியில் அருளின் துணையோடு நடப்பவர்களும் மீட்படையலாம் என்றது. அந்த அருளும் கிறிஸ்துவின் வழியாகவே வருகிறது என்பது அதன் உள்ளர்த்தம். சீர்திருத்தச் சபைகளில் பலர் ரோமர் 2ஆம் அதிகாரத்தை எடுத்து, நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயங்களிலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்பார்கள். எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் 14:17. லீஸ்திரா என்ற ஊரில் யூத வேதம் எதுவும் தெரியாத மக்களிடம் பவுல் பேசும்போது, மழையையும் விளைச்சலையும் தந்ததன் மூலம் தேவன் தமக்குச் சாட்சி இல்லாமல் இருந்ததில்லை என்கிறார். பாலாறு காய்ந்து கிடக்கும் ஊரில் மழை எவ்வளவு பெரிய சாட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயாவின் பாட்டிக்குப் பாட்டியைப் பற்றி நீங்கள் எந்தப் பதிலை வைத்திருக்கிறீர்களோ, வேற்றுக்கிரகத்துக்கும் அதுவே உங்கள் பதிலாக இருக்கும். கண்டிப்பான கட்சிக்காரருக்கு அங்கேயும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும், அல்லது அவர்கள் விழுந்துபோகாத இனமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சாத்தியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1958ல் இதை வரிசையாகக் கேட்டார். அங்கே உயிர் உண்டா, அறிவுள்ள ஆத்துமா உண்டா, அது விழுந்ததா, விழுந்திருந்தாலும் நமக்குச் செய்த அதே முறையில்தான் தேவன் அவர்களையும் மீட்க வேண்டுமா? இத்தனைக்கும் 'ஆம்' என்று தெரிந்தால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். நமக்கு முதல் கேள்விக்கே இன்னும் விடை வரவில்லை.

என் சொந்தக் கருத்து வோரிலோங் வில்லியத்தோடு போகிறது. கொலோசெயர் 1:20, பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள் யாவையும் அவர் மூலமாய் ஒப்புரவாக்குவதாகச் சொல்கிறது. 'யாவையும்' என்பதில் கனிமீடு இல்லை என்று சொல்ல நான் யார்? எல்லாவற்றுக்குமான காரியம் இந்தச் சின்னக் கிரகத்தில் நடந்தது என்பது பூமியின் திமிர் இல்லையா என்று கேட்பார்கள். பெத்லெகேம் யூதாவின் ஊர்களுக்குள் சிறியது. நாசரேத்திலிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமா என்று நாத்தான்வேலே கேட்டான். பெரிய இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை. அந்த வரிசையில் பார்த்தால் பூமியைத் தேர்ந்தெடுத்ததும் அதே பழக்கம்தான், நமக்குப் பெருமைப்பட அதில் ஒன்றும் கிடையாது.

அவர்கள் வந்து ஞானஸ்நானம் கேட்டால்? போப் பிரான்சிஸ் 2014 மே மாதம் ஒரு காலைத் திருப்பலியில் இதைச் சொன்னார். குழந்தைகள் வரைவதுபோல நீண்ட மூக்கும் பெரிய காதுமாகப் பச்சை நிறச் செவ்வாய்வாசிகள் வந்து, அவர்களில் ஒருவர் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும் என்றார். செய்தித்தாள்கள் பச்சை நிறத்தைப் பிடித்துக்கொண்டன. அன்றைய வாசகமோ அப்போஸ்தலர் 11. புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனதற்காகப் பேதுருவை எருசலேமில் விசாரித்த பகுதி. நம்மை உள்ளே சேர்க்கலாமா என்று நடந்த அந்தப் பஞ்சாயத்துக்குத்தான் செவ்வாய்வாசியை உதாரணமாக்கினார்.

பறக்கும் தட்டும் பிசாசும்

பறக்கும் தட்டுகள் எல்லாம் விழுந்துபோன தூதர்கள், கடைசிக் கால வஞ்சகம் என்று போதிக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். எசேக்கியேல் கண்ட சக்கரங்களை விண்கலமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எசேக்கியேல் முதலாம் அதிகாரத்தை மெதுவாகப் படித்தால் அது தேவமகிமையின் தரிசனம் என்று அவரே முடிவில் சொல்லிவிடுகிறார். வானத்தில் அடையாளம் தெரியாத வெளிச்சம் தெரிவதும், தொலைதூரக் கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதுக்குப் பெரும்பாலும் வெள்ளிக் கோள், பலூன், செயற்கைக்கோள் என்று எளிய விளக்கம் கிடைத்துவிடும். இரண்டாவதைத்தான் விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் இரண்டையும் குழப்பிப் பேசினால், அறிவியல் படிக்கும் பிள்ளைகள் நம் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்கள்.

செய்தி வரும்போது எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2020ல் வெள்ளிக் கோளின் மேகத்தில், உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய பாஸ்ஃபீன் என்ற வாயு இருப்பதாக ஒரு குழு அறிவித்தது. அது உண்மைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற தொலைதூரக் கோளின் காற்றில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் தடம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று சொன்னது. மற்றக் குழுக்கள் அதே தரவை அலசிவிட்டு, சான்று போதாது என்றன. 2025 செப்டம்பரில் நாசா, செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி துளையிட்டு எடுத்த ஒரு பாறையில் இருக்கும் புள்ளிகள் பழங்கால நுண்ணுயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்றது. உயிர் இல்லாத வேதிவினையாலும் அப்படிப்பட்ட புள்ளிகள் வரலாம் என்பதை அந்த அறிவிப்பிலேயே சேர்த்திருந்தார்கள். அந்தப் பாறைத் துண்டு பூமிக்கு வந்து ஆய்வகத்தில் சோதிக்கப்படும்வரை முடிவு தெரியாது. அதனால் 'செவ்வாயில் உயிர்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பினால், முதலில் 'இருக்கக்கூடும்' என்ற சொல் உள்ளே எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் அது நுண்ணுயிரா, ஆளா என்று பாருங்கள். நுண்ணுயிர் என்றால் ஆயரைக் கூப்பிட வேண்டியதில்லை.